விக்டோரியா ஹாலும் சுண்ணாம்புக் காரையும்

ஐயா,

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்துள்ள விக்டோரியா பொது மன்றம் 1880களில் 'டவுன் ஹால்' ஆக எழுந்தது. வடிவமைத்தவர் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1897இல் விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த இத்தகைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது, சிமென்ட் பூச்சுதான் முதல் எதிரி.

சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய உப்பு, செங்கல்லையே பொடியாக உதிர்க்கிறது. பூச்சு மட்டும் புத்தம்புதிதாக நிற்கும்!

பழுதான சிமென்ட்டை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். இயந்திரம் கூடாது, செங்கல் முகம் பெயரும். சுண்ணாம்பை நீர் சேர்த்து நீற்றி, சில வாரமாவது நீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கடும் வெயில் படாமல் ஈரச்சாக்கு போர்த்துவது அவசியம். சீக்கிரம் உலர்ந்தால் பூச்சில் விரிசல் விழும். சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் மட்டும் போதாது, வேரையும் எடுக்காவிட்டால் அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும்.

ஒப்பந்தப் புள்ளிகளில் சுண்ணாம்புக் கலவையின் விகிதத்தையும் ஊறும் நாட்களையும் தெளிவாக எழுதினால் நல்லது.

கட்டடப் பொறியாளர் ஒருவர்,
சென்னை