வெட்டிய முள்ளை அன்றைக்கே அள்ளச் சொல்லுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே பராமரிப்பைக் கவனிக்கும் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையோரச் சீமைக் கருவேலத்தை வெட்டியிருக்கிறீர்கள். நல்ல காரியம், வளைவுகளில் எதிரே வரும் வண்டி இப்போது தெரிகிறது. ஆனால் கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்குப் போய்விட, முள்விளார் மட்டும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் குழுவாக சைக்கிளில் போகிறவர்கள் நாங்கள். போன வெள்ளிக்கிழமை விடியுமுன் தொண்டியில் கிளம்பினோம். வாடைக்காற்று முதுகில் தள்ளியது, இருட்டுவதற்குள் பாம்பன் பாலம் ஏறிவிடலாம் என்றிருந்தோம். திருப்பாலைக்குடி வருவதற்குள் கையிலிருந்த டியூபெல்லாம் தீர்ந்தது.

கருவேல முள் டயரைத் துளைத்ததும் வெளியே ஒடிந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கும். பஞ்சர் ஒட்டிக் காற்றடித்துக் கொஞ்ச தூரம் போனால் அதே நுனி மறுபடி குத்தும். டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவித்தான் அதைத் தேட வேண்டும். பல சமயம் விரலில் ஏறிய பிறகுதான் அகப்படும். ஒருவருக்குக் காற்று இறங்கினால் எல்லாரும் நிற்க வேண்டும். அப்புறம் உருட்டிக்கொண்டே நடந்தோம், உப்பளத்து வெயிலில், ஒதுங்க ஒரு நிழல் இல்லாமல்.

எங்கள் பயணம் கெட்டது, சரி. அதே ஓரத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி அரசு கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள். "மரம் வெட்டுனதுலேர்ந்து இப்படித்தான் அண்ணே" என்றாள். முள்ளுக்குப் பயந்து தார்ச்சாலைக்குள் வந்தால் மீன் லாரியும் சுற்றுலா வேனும் ஹாரன் அடித்து ஓரத்துக்கே விரட்டுகின்றன. சைக்கிளில் போகிறவருக்கு இந்தச் சாலையில் இருப்பதே கோட்டுக்கு வெளியே அந்த இரண்டு முழம்தான். அதையும் முள் போடும் இடமாக்கினால் அவர் எங்கே போவார்? சாலை போடும்போது அவர் யார் கணக்கிலாவது இருந்தாரா?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: வெட்டிய முள்ளை அன்றைக்கே கூட்டி அள்ளச் சொல்லுங்கள். கட்டைக்கு விலை உண்டு, அதனால் அது ஒருநாள்கூட ரோட்டோரம் தங்குவதில்லை. கட்டை எடுப்பவரே முள்ளையும் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அடிக்கட்டையிலிருந்து கருவேலம் மறுபடி தழைக்கும், நீங்களும் மறுபடி வெட்டுவீர்கள். ஒவ்வொரு முறையும் அன்றைக்கே அள்ள வேண்டும்.

இப்போது கிடப்பதை, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் எடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பயணக் குழுவில் ஒருவன்