வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நகரத்துப் பெற்றோருக்கு ஆர்வம் இல்லை, அதனால்தான் குழுக்கள் செயல்படவில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என் மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்கள் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு நடக்கும். உறுப்பினர்களில் இரண்டு அம்மாக்கள் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறார். இன்னொருவர் கோயில் வாசலில் பூ விற்கிறார். வாரத்தில் அவருக்கு நல்ல வியாபாரம் என்பதே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். அரை நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை மாதம் வர முடியும்? வராதவர்களைத் தேடித் தீர்மானப் புத்தகம் பிறகு வீட்டுக்கு வரும். எழுதியதைப் படித்துப் பார்க்க நேரம் இருக்காது, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஆர்வமின்மையாகத்தான் தெரியும்.

சட்டம் எங்களைக் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆவது பிரிவைப் பாருங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது எங்கள் வேலை. அடுத்த பிரிவு இன்னும் முக்கியமானது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சி அமைப்பும் ஒதுக்கும் நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படை. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோதுதான் என்னைப் போன்ற பலர் உள்ளே வந்தோம்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் மூன்று கதவுகள். இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குழாயில் தண்ணீர் வராது, வாளியில் எடுத்துப் போக வேண்டும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். ஏன் குடிக்கவில்லை என்று திட்டினேன். ஒரு நாள் அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னாள்.

மூன்று கூட்டங்களில் இதைத் தீர்மானமாக எழுதினோம். தலைமை ஆசிரியர் நல்லவர், அவரும் கையைப் பிசைந்தார். கட்டடம் மாநகராட்சியுடையது, தாழ்ப்பாள் மாற்றக்கூட மண்டலப் பொறியாளர் எஸ்டிமேட் போட வேண்டும் என்றார்கள். நான்கு மாதம் போனது. கடைசியில் தெரிந்த ஒருவர் யோசனை சொன்னார். ஒரு வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் மூன்று தீர்மானங்களின் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் வந்தது. அப்படி எந்தத் தீர்மானமும் இந்த அலுவலகத்துக்கு வரப்பெறவில்லை என்று ஒரே வரி. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது அம்மாக்கள் மண்டல அலுவலகத்துக்குப் போனோம். அடுத்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. குழாய்க்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. இப்போது பாட்டில் காலியாகத் திரும்புகிறது.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: தனி ஆளாகத் தகவல் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லும் கடமை அதிகாரிக்கு இருக்கிறது. இருபது பேர் கூடிச் சட்டப்படி போட்ட தீர்மானத்துக்குப் பதில் சொல்ல நாள் கணக்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். 1987-ல் அங்கே ஆசிரியர் வேலைநிறுத்தம் 19 பள்ளி நாட்கள் நீடித்தது. பொறுமை இழந்த பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். அடுத்த வருடமே மாநிலச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம். அதில் ஆறு பெற்றோர், அந்தப் பகுதிவாசிகள் இருவர், ஆசிரியர்கள் இருவர், பள்ளி முதல்வர். முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே அந்த மன்றத்துக்குத் தந்தார்கள். எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. அதே நகரத்தில் டயட் (Dyett) என்ற உயர்நிலைப் பள்ளியை மூட முடிவெடுத்த நிர்வாகத்தை எதிர்த்து, 2015-ல் பெற்றோரும் அந்தப் பகுதிக்காரர்களுமாக 12 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 34 நாட்கள். கேட்ட எல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் 2016-ல் பள்ளி மறுபடி திறந்தது. ஒரு பள்ளிக்காகப் பட்டினி கிடக்கிற நிலைமை எந்த ஊர்ப் பெற்றோருக்கும் வரக்கூடாது.

தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. நகரத்துப் பள்ளிகளில் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையிலோ வேலை நாளில் மாலை 6 மணிக்கு மேலோ வையுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண் கொடுங்கள், கட்டடம் யாருடையதோ அந்த அலுவலகத்துக்கு நேராக ஒரு நகல் போகட்டும். 30 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வரட்டும். ‘நிதி இல்லை’ என்ற பதிலாக இருந்தாலும் சரி, அதை வைத்து நாங்கள் அடுத்த படி ஏறுவோம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஓர் அரசாணை போதும். கட்டுரையாளர் இதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சத்துணவுக் கூடத்து வாசலில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, பிள்ளைகள் தட்டோடு அதைத் தாண்டித்தான் வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேச வேண்டும். அழைப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, மதியம் 3 மணி.

இப்படிக்கு,
மாநகராட்சிப் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்