படிகாரம் வாங்கித் தந்த தீவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். உங்கள் ஞாயிறு வரலாற்றுப் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். கோட்டை, முற்றுகை, முடிசூட்டு என்றே வருகிறது. ஒரு சரக்கின் வரலாறும் வரவேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

பெனெடெட்டோ சக்கரியா, இத்தாலியின் ஜெனோவா நகரப் பிரபு. 1284-ல் மெலோரியா கடற்போரில், ஒதுங்கி நின்ற கப்பல்களோடு கடைசியில் பாய்ந்து பைசா நகரப் படையை முறித்தவர். ஆனால் அவரை உயர்த்தியது படிகாரம். இன்றைய துருக்கிக் கரையிலுள்ள போசியாவைப் படிகாரச் சுரங்கத்தோடு பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் எட்டாம் மிக்கேல் இந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார். சுரங்கக் கல்லைச் சூளையில் சுட்டு, நாள்கணக்கில் நீர்விட்டு ஊறவைத்து, காய்ச்சி ஆறவிட்டால் படிகாரம் உறையும். கம்பளியில் சாயம் நிற்க அதுதான் வேண்டும். தோலுக்கும் வேண்டும். படிகாரமும் உப்பும் போட்ட தோல் பால் மாதிரி வெளுத்திருக்கும். நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்து போய்விடும். எங்கள் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது இது. திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே, அதே படிகாரக் கல்தான்.

அந்தப் படிகாரப் பணமும் கப்பலும் இருந்ததால், 1304-ல் போசியாவுக்கு எதிரே கடலில் இருக்கும் கீயோஸ் தீவையும் சக்கரியா பிடித்தார். அப்போதிருந்த பைசாந்தியப் பேரரசரால் தடுக்க முடியவில்லை. பத்து வருஷத்துக்கு அவரிடமே விட்டுவிட்டார். மரப்பட்டையைக் கீறி எடுக்கும் மஸ்தகிப் பிசின் அந்தத் தீவின் செல்வம். வேலூர் லாங்கு பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் ‘ரூமி மஸ்தகி’ என்று கேட்டால் இன்றும் எடுத்துத் தருவார்கள். சக்கரியா 1307-ல் இறந்தார். 1329-ல் தீவு குடும்பத்தின் கையைவிட்டுப் போனது.

இவ்வளவும் படித்தேன். சூளையில் கல் சுட்ட ஒருவர் பெயரும் என் கண்ணில் படவில்லை. அதுதான் மனதை அறுக்கிறது. ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டியவர்கள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு அந்தப் பக்கத்தில் போடுங்கள். ஒருவருக்கு 81 வயது. மதியத்துக்கு மேல் அவருக்குப் பேச்சு குழறும். நிருபர் காலையிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தோல் பதனிடும் தொழிலாளி (ஓய்வு),
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்