தண்ணீர் வடிந்த தீவிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. உன் பேரன் சிவில் படிப்பில் சேர்ந்திருக்கிறான் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன்னைப் போலவே அவனும் ஆற்றங்கரையில் நின்று கவலைப்படுகிற எஞ்சினியராக வரட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரிக்குத்தான் குளிரில் முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல். மகளுக்கு வேலை கேம்பிரிட்ஜில். அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்று 23 கிலோமீட்டர் வடக்கே, ஈலியில் வீடு பிடித்திருக்கிறார்கள். ரயிலில் கால் மணி நேரம்தான். "அந்தச் சின்ன ஊரில் சர்ச் ஒன்றைத் தவிர என்ன இருக்கிறது, எப்படிப் பொழுது போகிறது?" என்று கேட்டிருந்தாய். வேலைக்காலம் முழுக்க மதகு, கரை, வாய்க்கால் என்று அலைந்தவன் நீ. நீ வந்து பார்க்க வேண்டிய ஊர் இதுதான் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஏறத்தாழ 20,000 பேர் வாழும் ஊர். கதீட்ரல் இருப்பதால் பழைய வழக்கப்படி நகரம் என்றே அழைத்து வந்தார்கள். 1974-ல் அரச ஆணை அதை உறுதி செய்தது. மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் ஊரைக் கடந்துவிடலாம். ஆனால் ஊருக்கு வெளியே எந்தச் சாலையில் போனாலும், திரும்பிப் பார்த்தால் அந்தப் பேராலயம் தெரிகிறது. 'ஃபென்களின் கப்பல்' என்பது அதற்குச் செல்லப்பெயர். அவ்வளவு தட்டையான நிலம்.

ஃபென் என்றால் கிழக்கு இங்கிலாந்தில் வாஷ் என்ற வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் தாழ்நிலம். உள்நாட்டு ஆறுகள் பல இதில் வந்து இறங்குகின்றன. ஓட்டத்துக்குச் சரிவு போதாமல் பல ஆயிரம் வருடங்கள் சதுப்பாகவே கிடந்தது. நாணலும் கோரையும் தண்ணீருக்குள் பாதி மட்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுப்பு மண்ணாகிவிட்டது. பீட் என்கிறார்கள். அதன் நடுவே களிமண்ணும் மணற்பாறையுமாக ஒரு மேடு. ஊர் பக்கத்தில் அதன் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் வெறும் 26 மீட்டர். அந்த மேட்டில் உட்கார்ந்திருப்பதுதான் ஈலி. சதுப்பை வடிக்கும்வரை இது நிஜமான தீவு. படகில் வர வேண்டும், அல்லது சேற்றுக்கு மேல் போட்ட ஒற்றைப் பாதையில் நடந்து வர வேண்டும்.

ஒதுங்கி வாழ நினைத்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கிழக்கு ஆங்கிலியா அரசனின் மகள் எத்தல்ட்ரீடா, இரண்டு திருமணங்களுக்குப் பிறகு உலக வாழ்க்கை போதும் என்று 673-ல் இங்கே மடம் கட்டினார். 679-ல் இறந்தார். 16 வருடம் கழித்து உடலை எடுத்துக் கல் பெட்டியில் வைக்க நினைத்தார்களாம். இந்தச் சதுப்பில் கல்லுக்கு எங்கே போவது? துறவிகள் படகு எடுத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு பழைய நகரத்துக்குப் போய், அங்கே மதிலோரம் கிடைத்த வெள்ளைப் பளிங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். 8-ஆம் நூற்றாண்டில் பீடு என்ற துறவி எழுதிவைத்த செய்தி இது. இந்த ஊரின் பெரிய சிக்கல் என்ன என்பது அதிலேயே தெரிகிறது: தண்ணீர் தாராளம், உறுதியான பொருள்தான் கிடையாது.

பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்தபோது அந்தத் தண்ணீர்தான் ஊருக்குக் கோட்டை. ஹியர்வர்டு என்ற ஆங்கிலேயத் தலைவன் இங்கே பதுங்கிக்கொண்டு நார்மன் அரசன் வில்லியமை எதிர்த்தான். வில்லியம் சதுப்பின் குறுக்கே பாதை போட்டு 1071-ல்தான் ஊரைப் பிடிக்க முடிந்தது. 1083-ல் சிமியோன் என்ற வயதான மடாதிபதி இன்றைய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். கல் வந்தது பார்னாக் சுரங்கத்திலிருந்து, முழுக்க நீர்வழியாக. சுரங்கம் பீட்டர்பரோ மடத்துக்குச் சொந்தம். கல்லுக்கு விலை ஆண்டுக்கு 8,000 விலாங்கு மீன்! சதுப்பு கொடுத்த மீனை விற்றுச் சதுப்பில் இல்லாத கல்லை வாங்கியிருக்கிறார்கள். 1109-ல் ஆயரின் இருக்கையும் இங்கே வந்தது.

இனி நான் சொல்லப்போவதுதான் உனக்கு முக்கியம். 1322 பிப்ரவரியில், ஒரு நள்ளிரவு வழிபாடு முடிந்து துறவிகள் படுக்கப் போன சற்று நேரத்தில், பேராலயத்தின் நடுக்கோபுரம் மொத்தமாக இடிந்து விழுந்தது. பூகம்பம் என்றே நினைத்தார்களாம். நல்லவேளை, யாரும் சாகவில்லை. அதற்கு முந்தைய வருடம் பக்கத்திலேயே மாதா சிற்றாலயத்துக்கு அடித்தளம் தோண்டியிருந்தார்கள். அதனால் நிலத்தடி நீர் ஓட்டம் மாறி மண் இளகியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நீ இருந்திருந்தால் தோண்டும்போதே கூச்சல் போட்டிருப்பாய்.

கோயில் பொருள்களுக்கும் கட்டடத்துக்கும் பொறுப்பாளராக இருந்தவர் ஆலன் என்ற துறவி. வால்சிங்கம் ஊர்க்காரர், பொற்கொல்லர் வேலை தெரிந்தவர். முதலில் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார் என்று மடத்தின் குறிப்பு சொல்கிறது. பிறகு எழுந்து இடிபாடுகளை அகற்றினார். பழைய கோபுரத்தை நான்கு தூண்கள் தாங்கியிருந்தன. அதே இடத்தில் மறுபடி தூண் எழுப்பவே இல்லை அவர். நாலும் நின்ற இடத்துக்கு வெளியே தள்ளி எட்டு இடங்களை அளந்து குறித்தார். ஒவ்வொன்றிலும் கெட்டி நிலம் தட்டுப்படும்வரை தோண்டச் சொன்னார். கல்லும் மணலும் போட்டு இறுக்கிய பிறகுதான் தூண். இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு. விழுந்ததைப் பார்த்து அதைவிடக் கனமாகக் கட்டுவதுதான் சாதாரண புத்தி. அவர் பாரத்தைப் பரப்பிவிட்டார்.

கல்வேலை 1328-க்குள் முடிந்தது. இப்போது வேறு பிரச்சினை. எட்டுத் தூண்களுக்கு நடுவே 22 மீட்டருக்கும் மேல் திறந்தவெளி. அந்த அகலத்தில் கல் கூரை வளைக்க முடியாது. அரசரின் தச்சர் வில்லியம் ஹர்லியை லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். மரத்தில் செய்யலாம் என்றார் அவர். ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுள்ள எட்டு ஓக் மரங்களைத் தேடிப் பிடித்து, நடுவானில் ஒரு எண்கோண விளக்குக் கோபுரத்தை நிறுத்தினார். அதற்கு நேர் கீழே ஒரு தூணும் கிடையாது! சுற்றியுள்ள எட்டுக் கல் தூண்களிலிருந்து சாய்வாக வரும் மறைவான சட்டங்கள்தான் தாங்குகின்றன. கீழிருந்து பார்த்தால் கல் வளைவு மாதிரி தெரிவதெல்லாம் மரப் பலகை. மேலே ஏறிப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். அந்த ஓக் உத்தரங்களைக் கையால் தொட்டுப் பார்த்தேன். இந்த நாட்டில் பார்க்கக் கிடைத்த கட்டடங்களில் என்னை முழுசாக அடக்கிப் போட்டது இதுதான்.

மாதா சிற்றாலயம் 1349-ல் முடிந்தது. அதே சமயம் இங்கிலாந்தைக் கொள்ளைநோய் அடித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்து ரோமன் கத்தோலிக்கச் சபையை விட்டுப் பிரிந்த சீர்திருத்தக் காலத்தில் அதனுள்ளிருந்த சின்னச் சின்னச் சிலைகளின் தலைகளையெல்லாம் உடைத்துவிட்டார்கள். மடத்தையும் 1539-ல் கலைத்தார்கள். அந்தத் தலையில்லாத வரிசையை நிதானமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், பின்னாளில் அரசரை வீழ்த்தி நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் 1636-லிருந்து பத்து வருடத்துக்கும் மேல் இந்த ஊர்க்காரர். மாமாவிடமிருந்து வந்த தசமபாக வரி (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்கு) வசூல் வேலை அவருக்கு. அவர் வீடு சுற்றுலாத் தகவல் நிலையமாக இன்றும் நிற்கிறது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். 1630-ல் பெட்ஃபோர்டு பிரபு பணக்காரர்கள் சிலரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, இந்தச் சதுப்பை வடிக்க ஒப்பந்தம் போட்டார். எஞ்சினியர் கார்னீலியஸ் வெர்மூய்டன், டச்சுக்காரர். வளைந்து வளைந்து போன அவுஸ் ஆற்றுக்குக் குறுக்கு வழியாக, ஈயரித்திலிருந்து இங்கேயே உள்ள டென்வர் என்ற கிராமம் வரை 34 கிலோமீட்டருக்கு நேர்கோட்டில் ஒரு கால்வாய் வெட்டினார். உள்நாட்டுப் போர் முடிந்து 1651-ல் பக்கத்திலேயே இணையாக இன்னொன்று. டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளை வைத்தும் தோண்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலம் வெள்ளம் வந்தால் விரிந்து நிற்பதற்கு. இன்றும் குளிர்காலத்தில் அது ஏரி மாதிரி நிரம்பிவிடுகிறது. கடல் ஏற்றம் உள்ளே ஏறாமலிருக்க டென்வரில் மதகு. மீனும் பறவையும் நாணலுமாகப் பிழைத்த சனங்கள் எதிர்த்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கரைகளை வெட்டிவிட்டார்கள். அவர்களுக்கு ஃபென் புலிகள் என்று பெயர்.

வடித்த நிலம் பொன்னாக விளைந்தது. ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. பீட் தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் பீட். நீர் இறங்கினால் முதலில் சுருங்குகிறது. பிறகு காற்றுப் பட்டு, எரியாமலே எரிகிற மாதிரி, கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. வயல் தாழ்ந்துகொண்டே வந்தது. ஆறு வண்டலின்மேல் இருந்த இடத்திலேயே நின்றது. கொஞ்ச காலத்தில் வயல் கீழே, ஆறு மேலே என்றாகிவிட்டது! வாய்க்கால் தானாக ஆற்றில் விழாது. இறைத்து ஊற்ற வேண்டும். காற்றாலைகள் வந்தன. நிலம் இன்னும் தாழ்ந்தது. காற்றாலை போதவில்லை, நீராவி எஞ்சின் வந்தது. ஈலிக்குத் தெற்கே ஸ்ட்ரெட்டமில் 1831-ல் வைத்த எஞ்சின் இன்னும் கட்டடத்தோடு இருக்கிறது. பிறகு டீசல், இப்போது மின்சாரம். பீட்டர்பரோ பக்கம் ஹோம் ஃபென்னில் 1851-ல், தலை நிலமட்டத்தில் இருக்கும்படி ஒரு இரும்புத் தூணைப் புதைத்தார்கள். இன்று அது ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அந்த இடம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. பிரிக்வில்லோ பக்கம் போனால், சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் ஆற்றின் கரை தெரியும். ஓடுகிற படகைத் தலைக்கு மேலே பார்ப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு செழிப்பான மண்ணில் கூலி ஆட்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. வாட்டர்லூ போர் முடிந்த மறுவருடம், 1816 மே மாதம், பக்கத்து ஊரான லிட்டில்போர்ட்டின் கூலிக்காரர்கள் பசி தாங்காமல் கிளம்பி ஈலிக்கு வந்தார்கள். கூலியைக் கூட்டு, மாவு விலையைக் குறை என்பதுதான் கோரிக்கை. ராணுவம் வந்தது. 24 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள், ஜூன் 28 அன்று ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் நீதி அதிகாரமும் ஆயருடையதுதான். ஆயரின் தலைமை நீதிபதியும் அந்த விசாரணையில் உட்கார்ந்திருந்தார். செயின்ட் மேரி சர்ச் சுவரில் ஐந்து பெயரும் கல்லில் இருக்கின்றன, மற்றவர்களுக்கு இது எச்சரிக்கை என்ற வாசகத்தோடு. கடைக்குப் போகிற வழிதான் அது. ஒவ்வொரு முறையும் நின்று அந்தப் பெயர்களைப் படிக்கிறேன். யாராவது படிக்க வேண்டும் இல்லையா?

1947 மார்ச்சில் பனி ஒரேயடியாக உருகி, கூடவே மழையும் புயலும் சேர்ந்து, கரைகள் பல இடத்தில் உடைந்தன. அதற்குப் பிறகுதான் டென்வரைச் சுற்றி வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பும் புதிய கால்வாய்களை வெட்டி 1964-ல் முடித்தார்கள். அதிலிருந்து ஊர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குகிறது.

தெற்கே விக்கன் ஃபென் என்று வடிக்காமல் விட்ட ஒரு துண்டு இருக்கிறது. 1899-லிருந்தே, பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வாங்கிப் பாதுகாக்கிறது. சுற்றிலும் எல்லாம் தாழ்ந்துவிட்டதால், அந்தச் சதுப்பு இப்போது வயல்களைவிட உயரத்தில் இருக்கிறது. அது காய்ந்து போகாமலிருக்க, கீழேயிருந்து தண்ணீரை மேலே இறைத்து விட்டிருக்கிறார்கள்.

இப்போது இங்கே பேச்செல்லாம் இதுதான்: வயல்களில் ஒரு பகுதியில் மறுபடி தண்ணீரை ஏற்றிவிடலாமா? ஏற்றினால் மிச்சமிருக்கிற பீட் பிழைக்கும், வாயு வெளியேறுவதும் குறையும். ஆனால் நாட்டின் முதல்தர விளைநிலத்தில் பாதி இங்கேதான். உருளைக்கிழங்கும் செலரியும் கோதுமையும் எங்கே போகும், தலைமுறையாக உழுதவன் என்ன செய்வான்? என் எண்ணம் ஏற்றவேண்டும் என்பதுதான். முழுக்க ஈரமாக்க வேண்டாம், நீர்மட்டத்தை ஓரளவு உயர்த்தி ஈரத்திலும் விளைகிற பயிருக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. நான் வாத்தியார், நீ ஆற்றைக் கட்டி மேய்த்தவன். இந்த வாய்க்கால் உன் பொறுப்பில் இருந்தால் ஷட்டரை எந்த மட்டத்தில் வைப்பாய்? யோசித்து, பேரனையும் கேட்டு, விரிவாக எழுது. படமாக வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். தங்கச்சிக்கு மாத்திரை ஒத்துக்கொண்டதா என்றும் எழுது. மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்