அண்ணா, உங்கள் தளத்தை மாற்றப் போகிறேன்

அன்புள்ள அண்ணா,

வருகிற செவ்வாய்க்கிழமை உங்கள் முதல் வருட நினைவு நாள். அன்றைக்கே உங்கள் இணையதளத்தை டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டிலிருந்து, இன்று எல்லாக் கருவியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி ஏற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணி சரி என்றார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டர்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. 2001. உங்கள் பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்கக் கோழி கிளறின மாதிரி எழுத்துகள். சட்டைப் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து, எழுத்துருவைப் போட்டு, என்கோடிங் மெனுவில் 'யூசர் டிஃபைன்ட்' என்று மாற்றினீர்கள். சட்டென்று தமிழ் வந்தது. ஒட்டன்சத்திரம் சந்தைக் கட்டுரை. ஏலத்தில் தக்காளி என்ன விலைக்குப் போனது என்ற சேதி லாரி டிரைவர், பஸ் கண்டக்டர், டீக்கடை என்று எந்த வழியாக எந்த ஊருக்குப் போகிறது என்று படம் வரைந்திருந்தீர்கள். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, நின்றபடியே கடைசி வரைக்கும் படித்தார். "எங்க ஊரும் இதுல இருக்கு சார்" என்றார். ஒரு சேதி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று 1948இல் கணித அறிஞர் கிளாட் ஷானன் போட்டுக் காட்டிய படத்தை அன்று அவருக்கும் எனக்கும் சேர்த்து விளக்கினீர்கள். அனுப்புகிறவர், வழி, இரைச்சல், பெறுகிறவர். பெறுகிறவரிடம் போய்ச் சேராதது சேதியே இல்லை என்று நீங்களாக ஒன்றைச் சேர்த்தீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தச் சாயங்காலத்தால்தான்.

அதே பக்கத்தை உங்கள் மகள் போன மாதம் போனில் திறந்தாள். போனில் எந்த எழுத்துருவை எங்கே போடுவது? அப்பா எழுதியதில் ஒரு வரிகூட அவளால் படிக்க முடியவில்லை. தமிழில் தேடினாலும் அது கிடைக்காது. தேடுபொறிக்கு அவையெல்லாம் ஐரோப்பிய எழுத்துகள்.

மன்னித்துவிடுங்கள். 'நான் தட்டிய பைட்டுகள் இவைதான், மாற்றினால் அது என் எழுத்தில்லை' என்பீர்கள். டிஸ்கியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் அப்புறம். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் ககரம்தான் முதலில். 'கொ' வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் இருப்பதை ஒன்றாக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் பழையதோடு வைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு சொல்லும் மாறவில்லை. உங்கள் எழுத்துப் பிழைகளையும் திருத்தவில்லை. மூலக் கோப்புகள் தனியாக இருக்கின்றன.

அந்தத் தடையையும் எடுக்கிறேன். தேடுபொறியும், இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேமிக்கிற இணைய ஆவணகமும் உள்ளே வரக் கூடாது என்று, அவற்றின் நிரல்களுக்கான ரோபோட்ஸ் கோப்பில் எழுதி வைத்தீர்களே, அதை. காரணம் தெரியும். உங்கள் கட்டுரையை ஒருவர் தன் பெயரில் அச்சில் போட்டுக்கொண்டார். யார் என்று இங்கே எழுத மாட்டேன். இதை அவரும் படிக்கக்கூடும். ஒரு ஆள் திருடினான் என்பதற்காக ஊருக்கே கதவைச் சாத்தினீர்கள். எல்லாரும் இலவசமாகப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009 அக்டோபரில் மூடியபோது எத்தனை தமிழ்ப் பக்கங்கள் போயின என்று இரவெல்லாம் புலம்பியதும் நீங்கள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, கோபமாகவே சொல்கிறேன். தக்காளி விலை எப்படிப் பயணம் செய்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன மனிதர், தன் உடம்பைப் பற்றி எங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் நாம் பேசிக்கொண்டுதானே இருந்தோம்? கிண்டிலில் தமிழ் எப்படித் தெரிகிறது என்றெல்லாம் கேட்டீர்களே! எனக்குச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அண்ணியும் இதைப் படிப்பார் என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

'நாட்குறிப்பு' என்ற அடைவைத் திறக்கவில்லை. அப்படியே பென் டிரைவில் போட்டு அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில் ஏறிவிடும். ஏறியதும் இணைய ஆவணகத்துக்கு உங்கள் முகவரியை நானே கொடுப்பேன்.

உங்கள் தம்பி