வீட்டில் பாட்டே இல்லை என்று சொன்ன மகனுக்கு

கொழிஞ்சாம்பாறை
ஆடிப் பெருக்கு

அன்புள்ள சாமிக்கு,

நலம், நலமறிய ஆவல். விஷுவுக்குப் பிறகு நீ அழைக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் நம்புவது போலவே நடந்துகொள்கிறாள். கணவாய்க் காற்று இரவும் பகலும் அடிக்கிறது. கிணற்று மோட்டார் எரிந்து மறுபடி சுருள் கட்டி வாங்கியாயிற்று. உன் அக்கா குழந்தைகளுடன் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். இவற்றை எழுதுவதற்காக நான் உட்காரவில்லை.

போன மாதம் மேற்கு வீட்டுப் பெண் தன் கைப்பேசியில் உன் பேட்டி ஒன்றைக் காட்டினாள். சரிகை மின்னும் மேலங்கி, கண்ணைச் சுற்றி மை, கன்னத்தில் ஏதோ வெள்ளிப் பொடி. அவற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதலில் ஒரு பாட்டுப் பாடினாய். மேல் ஸ்தாயியில் சுருதி கொஞ்சமும் விலகவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அதன் பின் உன்னிடம் யாரிடமிருந்து கற்றாய் என்று கேட்டார்கள். "எங்கள் வீட்டில் பாட்டே கிடையாது, என்னை நானேதான் உண்டாக்கிக்கொண்டேன்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்த இடத்தை மூன்று முறை திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். மையோடு அப்படியே தூங்கிவிடாதே. முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அதன் பிறகுதான் தண்ணீர் படவேண்டும்.

அந்தப் பேட்டியில் உனக்குப் பின்னால் சுவரில் மஞ்சள் மேலங்கிக்காரரின் படம் இருந்தது. இங்கே உன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த அதே படம். மீசையைப் பார்த்து அவரை யாரோ பம்பாய் நடிகர் என்றே அந்நாளில் நினைத்திருந்தேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை? ஒரு மாதமாக அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான் நினைத்தது முழுத் தவறும் அல்ல. குயின் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஆவதற்கு முன் அவர் ஃபரோக் புல்சாரா. பார்சிக் குடும்பத்துப் பிள்ளை. 1946இல் சான்சிபார் தீவில் பிறந்தவர். தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தில் காசாளர். எட்டு வயதில் பிள்ளையைக் கப்பலேற்றி, பம்பாய்க்குத் தெற்கே பஞ்ச்கனியில் இருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் பியானோவும், பள்ளித் தோழர்களோடு சேர்ந்து நடத்திய முதல் இசைக்குழுவும். 1964இல் சான்சிபாரில் புரட்சி வந்ததும் குடும்பம் உயிர் தப்பி லண்டனுக்கு வெளியே விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஃபெல்தாமில் குடியேறியது. அவருக்கு அப்போது பதினேழு வயது.

தன்னைத் தானே உண்டாக்கிக்கொண்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், குடும்பப் பெயரையே எடுத்துவிட்டு ஒரு கிரகத்தின் பெயரை வைத்துக்கொண்ட அவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று தென்பட்டது. பிரிட்டனில் பையன்கள் எல்லோரும் கட்டாயமாகப் பட்டாளத்தில் பணிபுரிய வேண்டும் என்று விதி இருந்ததல்லவா, அதற்குக் கடைசி ஆட்களை எடுத்தது 1960இல். 1963இல் கடைசி ஆளும் வீடு திரும்பிவிட்டான். அதற்கு முன் பதினெட்டு வயதில் பட்டாளத்து நாவிதர் எல்லாத் தலைகளையும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிவிடுவார். அந்தக் கத்திரிக்கோல் விலகிய மறு வருடமே இவர் அங்கே போய் இறங்குகிறார். கரைக்கு அப்பால் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து நாள் முழுவதும் பாட்டுப் போட்ட வானொலி தொடங்கியதும் அதே 1964தான். சின்ன வேலைகளில்கூடக் கையில் கொஞ்சம் காசு மிஞ்சிய காலம். மதிப்பெண் பெரிதாக இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட கலைக்கல்லூரிகள் இருந்த காலம். அப்படி ஒரு கல்லூரியில், ஈலிங்கில், இவர் வரைகலை படித்தார்.

1966இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து, பொன் பின்னல் வைத்த பழைய பட்டாளத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிட்டார் வாசித்தார். பட்டாளத்துக்குப் போகும் கட்டாயம் இல்லாத தலைமுறை, பாட்டன்மாரின் பட்டாளத்துச் சட்டையைப் பழைய துணிக் கடையில் வாங்கி அலங்காரமாக அணிந்துகொண்டது என்பதை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் ஃப்ரெடி அவர் வாசித்த இடமெல்லாம் தேடிப் போனார். வகுப்பில் உட்கார்ந்து அவர் படத்தையே வரைந்து தள்ளினார். 1969இல் பட்டயம் வாங்கினார். பிறகு, பின்னாளில் தன் குழுவில் முரசு வாசித்த ரோஜர் டெய்லரோடு சேர்ந்து கென்சிங்டன் சந்தையில் ஒரு சின்னக் கடை போட்டுப் பழைய துணிமணிகளை விற்றார். பொள்ளாச்சிச் சந்தையில் பழைய துணி விற்பவர்களைத் தாண்டும்போது நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய், நினைவிருக்கிறதா? 1970 செப்டம்பரில் ஹெண்ட்ரிக்ஸ் இறந்த செய்தி வந்தபோது இருவரும் கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். குயின் குழு தொடங்கியதும் அதே வருடம்தான்.

இப்போது உன் சுவரில் இருக்கும் படத்தை ஒரு முறை கிட்டப் போய்ப் பார். மஞ்சள் துணியில் மார்புக்குக் குறுக்கே வரிசையாக வார்களும் கொக்கிகளும் இருக்கும். 1986இல் போட்ட சட்டை அது. ஆனாலும் அந்தச் சந்தைக் கடையில் தொங்கிய பட்டாளத்துச் சட்டைகளின் பேரப்பிள்ளை என்றே எனக்குப் படுகிறது. மேடையை விட்டு இறங்கினால் அவர் பெரிய கூச்சக்காரராம். நீயும் அப்படித்தான், உன் பள்ளி ஆண்டு விழாவில் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். கூச்சமுள்ள பிள்ளைக்கு யாரோ போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று கிடைத்தால்தான் வெளியே வர முடிகிறது போலும்.

அதே பத்தாண்டில், 1967இல், அங்கே ஒரு சட்டமும் மாறியது. நம் நாட்டில் அதற்கு 2018 செப்டம்பர் வரை ஆயிற்று. எந்தச் சட்டம் என்று உனக்குத் தெரியும். நான் செய்தித்தாளில் படித்தேன், அவ்வளவுதான்.

சரியாகச் சாப்பிடு. எண்ணெய் தேய்க்காமல் தூங்காதே.

லண்டனில் கிளம்பிய அந்தக் கால்சட்டையும் தலைமுடியும் எங்கள் ஊருக்கு வந்து சேரப் பத்து வருடங்கள் பிடித்தன. காட்மாண்டு ஹிப்பிகளைக் காட்டிய இந்திப் படம் ஒன்று 1971இல் வந்தது. அதிலிருந்து பம்பாய், கோயம்புத்தூர் என்று இறங்கி இங்கே வந்தபோது எனக்குப் பதினேழு, பதினெட்டு வயது. தையற்கடைக்காரர் துணி வீண் என்று திட்டிக்கொண்டே பெல்பாட்டம் தைத்துத் தருவார். காதை மூடி வளர்த்த முடிக்கு ஹிப்பி கிராப்பு என்று பெயர். இளையராஜா 1976இல் வந்துவிட்டார். தேநீர்க் கடை வானொலியில் புதுப் பாட்டு வந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்போம்.

வீட்டில் பாட்டே கிடையாது என்று நீ சொன்னாயே. 1978, 79 இரண்டு வருடமும் மாரியம்மன் நோன்பியில் நடந்த ரெக்கார்டு டான்ஸில் நான் ஆடினேன். உன் அம்மாவுக்கே இது தெரியாது. ஆடியது பெண் வேடத்தில். பெரியம்மா மகளின் தாவணி, முகத்தில் முத்துவெள்ளை, கண்ணுக்கு மை. கால் வைத்தால் பலகை மேடை அதிர்ந்து ஊசி தாவிவிடும் என்பதால் ரெக்கார்டு பிளேயரைக் கீழே மணல் மூட்டையின் மேல் வைத்திருப்போம். நான் ஆடும்போது மட்டும் ஊசி தாவாது, அவ்வளவு மெதுவாக அடி வைப்பான் என்று நண்பர்கள் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் கூட்டத்தின் பின்வரிசையில் உன் அப்பாரு நின்றுகொண்டிருந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுப்பி, பழனிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பேருந்தில் ஏற்றினார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அப்படி ஒரு வேண்டுதலே இல்லை என்று பல வருடம் கழித்து உன் அப்பத்தா சொல்லித்தான் தெரிந்தது.

நீ பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது கழுத்து வரை முடி வளர்த்தாய். உன் அக்காவின் மைக்குப்பியை எடுத்துக் கண்ணாடி முன்னால் நீ நின்றதை ஒரு நாள் நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நேர்ந்துகொண்டது என்று சொல்லி, உன்னையும் பழனிக்குக் கூட்டிப் போனேன். நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை, சாமி. நீ நம்பினாய். முடி விழும்போது கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்த பிறகும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது சுவரில் அந்தப் படம் இல்லை. சுண்ணாம்பு அடித்தவர்கள் கிழித்துவிட்டார்கள் என்றேன். போவதற்கு முன்பே உரித்துப் பரணில் வைத்தவன் நான்தான். இப்போது எடுத்துப் பார்த்தேன், கரையான் மீசைக்குக் கீழே எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

எனக்கு ஒருவர் செய்ததையே நான் உனக்குச் செய்தேன், அதுவும் அதே மலையில், அதே பொய்யைச் சொல்லி. எனக்கு எப்படி இருந்தது என்று தெரிந்திருந்தும் செய்தேன். ஆகவே நீ அந்தப் பேட்டியில் சொன்னதற்கு நான் கோபப்பட முடியாது. ஆனாலும் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெற்றவர்களை வைத்துக்கொண்டு ஊரார் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் படித்தேன், அதைப் படித்த பிறகுதான் தூக்கம் போயிற்று. ஃப்ரெடி தன் வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோரிடம் வாய்விட்டுப் பேசியதில்லை என்றே எழுதுகிறார்கள். எய்ட்ஸ் நோய் இருப்பதை 1991 நவம்பர் 23 அன்று உலகத்துக்கு அறிவித்தார். மறுநாள் இரவு போய்விட்டார். நாற்பத்தைந்து வயது. அந்தத் தகப்பனாரின் வயதைக் கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். இன்றைக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, வேளைக்குச் சாப்பிட்டால் ஆயுசுக்கும் நன்றாக இருக்கலாம் என்பதையும் படித்தேன். உனக்கு அப்படி ஏதோ இருக்கிறது என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதே. வருடத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. எனக்குச் சர்க்கரைக்குப் பார்க்கிறார்களே, அது போல. எது வந்தாலும் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் சொல்லாதே, முதலிலேயே சொல்.

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இரண்டு புட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறது, கத்தியால் கீறித் திற. பஞ்சில் நனைத்து மோதிர விரலால் உள்ளிருந்து வெளியே துடைக்க வேண்டும். அழுத்தினால் கண் எரியும். ஒரு புட்டி உனக்கு. மற்றொன்று, பேட்டியில் உனக்குக் கிட்டாரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாரே, உன்னுடன் தங்கியிருப்பவர், அவருக்கு. அவர் கண்ணிலும் மை இருந்தது.

இப்படிக்கு,
அப்பா