அக்காவுக்கு: அந்த நான்கு நிமிடம் பற்றி

அன்புள்ள அக்கா,

இன்று ஆகஸ்ட் 16. ஏன் இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. 2018-ல் அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் இறந்த செய்தி டெட்ராய்ட்டிலிருந்து வந்த இரவில் நீ போனில் ஒன்றும் பேசவில்லை. மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அந்தக் கேசட்டைப் போட்டு, போனை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். பாட்டு முடிந்து நாடா ஓடும் சத்தம்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை உன் முகவரிக்கே அனுப்பியிருக்கலாம். இரண்டு கடிதங்கள் அனுப்பினேன், பதில் இல்லை. நீ பாடியதைப் போனில் பதிவுசெய்து, உன்னைக் கேட்காமல் வெளியிட்டேனே, அந்தத் தவறு ஊரறியச் செய்தது. மன்னிப்பும் ஊரறியவே இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்கிறேன் என்பது இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்கிறது. ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் எழுதமாட்டேன். நான் அதை வெளியிட்ட பிறகு உன் வீட்டில் நடந்ததையும் எழுதமாட்டேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீ பார்க்கமாட்டேன் என்று சொன்ன அரேதாவின் 'அமேசிங் கிரேஸ்' படத்தை நான் பார்த்துவிட்டேன். மூன்று முறை.

லாஸ் ஏஞ்சலீஸ் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் கோயிலில் 1972 ஜனவரி 13, 14 ஆகிய தேதிகளில் அரேதா பாடிய இரண்டு இரவுகள். அங்கே பதிவான இசைத்தட்டு உனக்கு வரிக்கு வரி மனப்பாடம், அதை விடுகிறேன். படம்பிடிக்க வந்த சிட்னி பொல்லாக் கிளாப் பலகை அடிக்காமலேயே எடுத்துத் தள்ளிவிட்டார். எந்தக் காட்சிக்கு எந்த ஒலி என்று பொருத்த வழியில்லாமல் சுருள்கள் பல வருடங்கள் கிடந்தன. ஆலன் எலியட் என்ற தயாரிப்பாளர் 2007-ல் அவற்றை வாங்கி, கணினியின் துணையோடு குரலையும் உதட்டையும் சேர்த்துவைத்தார். 2011-ல் அரேதா வழக்குப் போட்டார். 2015-ல் கொலராடோவில் டெல்லுரைட் திரைப்பட விழாவில் திரையிடச் சில மணி நேரமே இருந்தபோது நீதிமன்றத்தில் தடை வாங்கினார். படம் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அந்த ஆண்டு ஒரு செய்தித்தாளிடம் சொல்லவும் செய்தார். பிடித்த படத்துக்குத்தான் தடை வாங்கினார், அக்கா. அவரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர் போன மூன்றாவது மாதத்தில், குடும்பத்தின் சம்மதத்தோடு, நியூயார்க்கில் அதைத் திரையிட்டார்கள்.

அவர் நீதிமன்றத்துக்குப் போனார். நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவைவிட்டுப் போனாய்.

சரி, படத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இசைத்தட்டில் கேட்காத ஒன்று அதில் இருக்கிறது. இரண்டாவது இரவு அவருடைய அப்பா வருகிறார். டெட்ராய்ட் நியூ பெத்தேல் கோயிலின் போதகர் சி. எல். ஃபிராங்க்ளின், பிரசங்கங்களே இசைத்தட்டாக விற்ற மனிதர். எழுந்து பேசும்போது, மகள் கோயிலுக்குத் திரும்பி வந்தால் சந்தோஷப்படுவேன் என்று ஒரு பெண்மணி தன்னிடம் சொன்னதையும், அவள் கோயிலைவிட்டுப் போனதே இல்லையம்மா என்று தான் பதில் சொன்னதையும் சொல்கிறார். நம் வீட்டில் அதே விஷயத்துக்கு என்ன பதில் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். அப்பா இன்று இல்லை. அதனால் அதோடு நிறுத்துகிறேன்.

பிறகு அரேதா பியானோவில் உட்கார்ந்து பாடுகிறார். 29 வயது. விளக்கு வெப்பத்தில் வியர்வை நெற்றியிலிருந்து வழிகிறது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் வாசித்துக்கொண்டிருக்கின்றன. அப்பா இருக்கையிலிருந்து எழுந்துவந்து, துணியால் மகளின் முகத்தைத் துடைத்துவிடுகிறார். பாட்டு நிற்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் குழந்தைக்குத் துடைத்துவிடுவது போல இருந்தது. முந்தைய இரவில் அரேதாவுக்காகப் பியானோ வாசித்த ஜேம்ஸ் கிளீவ்லண்ட் கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அரேதாவின் தடை நிலைத்திருந்தால் இதை நான் பார்த்திருக்கமாட்டேன். பார்க்காமல் இருந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் குற்றமும் இங்கேதான் இருக்கிறது, சாக்கும் இங்கேதான் இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு முந்தைய வாரம். உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போக அம்மா என்னை அனுப்பினாள். மழை விட்டிருந்தது. கோயிலுக்குள் யாரும் இல்லை, பெஞ்சுகளுக்கு மேல் ஒரே ஒரு விளக்கு. நீ அந்தப் பழைய பியானோவில் உட்கார்ந்திருந்தாய், மேல்பலகையில் உன் குடை சொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை பாடும் பாமாலைப் பாட்டுதான். ஆனால் உன் இடது கை அதைச் செய்யவில்லை. வலது கை கோயிலுக்கும் இடது கை அரேதாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. கீழே இரண்டு சுரங்களைத் தட்டி, தாமதித்து, சபை அடுத்த அடிக்குப் போகலாம் என்று நினைக்கும் இடத்தில் போகாமல் அங்கேயே சுற்றினாய். பிறகு பாடினாய். பாடகர் குழுவில் பாடும் குரல் இல்லை அது. அதை நான் அதற்குமுன் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் கேட்கவில்லை.

1967 ஜனவரியில் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில், பேம் ஸ்டுடியோவில், அரேதா ஒரே ஒரு சுரக்கூட்டு வாசித்ததைக் கேட்டுவிட்டுப் பியானோவை அவருக்கே விட்டு, மின்பியானோவுக்கு நகர்ந்துபோன ஸ்பூனர் ஓல்டமின் கதையை எனக்குச் சொன்னவள் நீ. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியில் ஆறேழு வருடம் மினுக்கான பாட்டுகளில் வீணடிக்கப்பட்ட பெண்ணை, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் கோயிலில் வாசித்தது போலவே பியானோவின் முன் உட்காரவைத்தார், அதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பாய். ஓல்டம் நகர்ந்துகொண்டார். நானோ சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன்.

பல வருடம் யாருக்கும் காட்டவில்லை. அது உண்மை. 2019-ல் அந்தப் படம் பார்த்த இரவில்தான் வெளியிட்டேன். உலகம் கேட்கட்டும் என்று நினைத்தேன். எலியட்டும் அதையேதான் நினைத்திருப்பார். நல்லெண்ணம் என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கே கொஞ்சம் கூசுகிறது, ஆனாலும் அது நல்லெண்ணம்தான்.

கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் வாசித்தாய். கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை கொடுத்தார்கள். கல்யாண ஆராதனைக்கு வாசித்தால் பிரியாணிப் பொட்டலம். அரேதா முன்பணம் ரொக்கமாகக் கைக்கு வராமல் பாடமாட்டார். கைப்பையை மேடையில் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்வார். 2015-ல் கென்னடி சென்டரில், ஒபாமா கண்ணைத் துடைத்துக்கொண்ட அன்றும், அந்தப் பை பியானோவின் மேலேதான் இருந்தது. நீ அவரிடமிருந்து இடது கையை மட்டும் எடுத்துக்கொண்டாய். பையை எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் முடியாது என்று சொல்லாத நீ, முதன்முதலாக என்னிடம்தான் சொன்னாய், அதையும் வாய் திறக்காமல்.

அது நியாயமில்லை என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அவ்வளவு வழக்காடிய அரேதாகூடத் தன் சொத்து விஷயத்தைக் கையால் கிறுக்கி சோபா மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் உயிலா என்று முடிவுசெய்ய 2023-ல் ஒரு ஜூரி உட்கார வேண்டியிருந்தது. நீயும் என்னை ஊகித்துக்கொண்டே இருக்க விட்டுவிட்டாய். ஏழு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கட்டிலருகே உட்கார்ந்து போர்வையில் விரலால் பியானோ வாசித்துக் காட்டியவள் நீ. அந்த விரல்கள் ஒரு குறுஞ்செய்தி அடிக்காதா?

நேற்று இரவு அந்தப் பதிவை நீக்கினேன். கீழே முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள், முதலில் எல்லாவற்றையும் படித்தேன். போனிலும் கணினியிலும் இருந்ததை அழித்தேன். ஒரே ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வரும்போது கொண்டுவருவாள். உடைத்துப்போட்டாலும் சரி.

கேட்பதாக இருந்தால் ஒன்று. மூன்றாவது நிமிடத்தில் கதவு கிறீச்சிடும் சத்தம் வரும். நீ நிறுத்திவிடுவாய். மணியடிக்கும் பெரியவர் என்று நினைத்துக்கொண்டு, "இதோ முடித்துவிட்டேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவாய், இந்த முறை சபைக்கு வாசிப்பது போலவே, இரண்டு கையும் ஒழுங்காக. கதவைத் தள்ளியது நான்தான், அக்கா. இன்னும் கொஞ்சம் கிட்டே வர நினைத்தேன்.

தம்பி